மனந்திரும்பியாச்சு, அடுத்து என்ன? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யோர்தான் கரையில் யோவான் ஸ்நானனைச் சுற்றி நின்றவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்? லூக்கா 3ஆம் அதிகாரத்தில் மூன்று விதமான ஆட்கள் தனித்தனியாக வந்து இதையே கேட்கிறார்கள். பொதுஜனத்துக்கு அவர் சொன்ன பதில், இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும். வரி வசூலிப்பவர்களுக்கு, விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள். போர்ச்சேவகர்களுக்கு, மிரட்டிப் பிடுங்காதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், சம்பளம் போதும் என்றிருங்கள். அழச்சொல்லி யாரையும் அவர் கேட்கவில்லை. துணிமணி, வசூல், சம்பளம் என்று நேராகப் போய்விட்டார்.

சென்னையில் புதிதாகச் சபைக்கு வருகிறவர்களும், பரம்பரைக் கிறிஸ்தவராக இருந்தும் இப்போதுதான் விழித்துக்கொண்டவர்களும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கூட்டத்தில் கை தூக்கியாயிற்று, கண்ணீர் வந்தது, பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்தார். திங்கட்கிழமை காலை அதே ஆபீஸ், அதே போன், அதே கடன்காரர். என்ன செய்வது என்று யாரும் படிப்படியாகச் சொல்லித்தருவதில்லை.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'மெட்டனோயா' மனசு மாறுவதைக் குறிக்கிறது. பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல் 'ஷூவ்' போன வழியைவிட்டுத் திரும்பி வருவதைக் குறிக்கிறது. தமிழில் புராட்டஸ்டன்ட் வேதாகமம் 'மனந்திரும்புங்கள்' என்கிறது, கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு 'மனம் மாறுங்கள்' என்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் சொல்லில் மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் பாதி வழியில் நிற்கிறார்கள்.

வரிசை தப்பக்கூடாது

இதைச் செய்து முடித்தால்தான் கடவுள் ஏற்றுக்கொள்வார் என்று தொடங்கினால் இரண்டு மாதத்தில் மூச்சு வாங்கிவிடும். சகேயுவைப் பாருங்கள். எரிகோவில் காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த வரி வசூல் தலைவன். இயேசு மேலே பார்த்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். அப்போது அவன் எதையும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அழைப்பு வந்தது, சந்தோஷம் வந்தது, அதற்குப் பிறகுதான் பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய்த் திரும்ப என்ற கணக்கு வந்தது. கீழே வரும் படிகள் எல்லாம் மரத்திலிருந்து இறங்கின ஆளுக்கானவை.

முதல் படி: நோட்டு

40 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். போனில் எழுதவேண்டாம். வீட்டில் நாலு பேர் கைபடும் பொருள் அது, போதாததற்குத் தானாகவே பேக்கப் வேறு எடுத்துக்கொள்ளும். 45 நிமிடம் வீதம் இரண்டு தடவை உட்காருங்கள். ஒரே மூச்சில் எழுதினால் கடைசிப் பகுதி அவசரத்தில் மழுங்கிப்போகும்.

ஒற்றைப் படுக்கையறை வீட்டில் தனிமை ஏது என்றால், வார நாள் மத்தியானம் திறந்திருக்கும் ஏதாவது ஆலயத்துக்குப் போங்கள். சாந்தோம் பேராலயத்தின் பின்வரிசை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். மெரினாவைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். சுண்டல் விற்கும் பையன் அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தடவை வருவான், சரிப்படாது.

139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனத்தை நிதானமாக வாசியுங்கள். என்னை ஆராய்ந்து பாரும் என்று கேட்கும் ஜெபம் அது. பிறகு எழுதுங்கள். பலர் பத்துக் கட்டளையை வரிசையாக எடுப்பார்கள். நல்ல முறைதான், ஆனால் 'கொலை செய்யாதிருப்பாயாக' வந்ததும் நான் யாரையும் கொல்லவில்லையே என்று நிம்மதியாகத் தாண்டிப் போய்விடுவோம். அதைவிட இடவாரியாகப் போவது வேலை செய்யும்: வீடு, வேலை, பணம், போன், நாக்கு. ஒவ்வொன்றிலும் சம்பந்தப்பட்ட ஆள் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. 'கோபம்', 'பெருமை', 'இச்சை' என்று தலைப்பு மட்டும் எழுதிவிடுவது. 'கோபம்' என்று எழுதினால் உலகமே அப்படித்தானே என்று மனசு தப்பித்துக்கொள்ளும். 'செவ்வாய்க்கிழமை ராத்திரி அம்மாவைப் பார்த்து வாயை மூடு என்றேன், சின்னவன் பார்த்துக்கொண்டிருந்தான்' என்று எழுதினால் தப்பிக்க வழி கிடையாது. ஆள், நாள், செயல் மூன்றும் இருக்கவேண்டும்.

எழுதி முடித்ததும் ஓரத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள். கடவுளிடம் மட்டும் தீர்க்கவேண்டியதற்கு 'க'. அந்த ஆளிடமும் பேசவேண்டியதற்கு 'ஆ'. பணமோ பொருளோ திரும்பப் போகவேண்டியதற்கு 'ப'. ஒருவர் மேல் மனசுக்குள் வைத்திருந்த வெறுப்பு, பொறாமை, இச்சை அவருக்குத் தெரியவே தெரியாது என்றால் அது 'க'. அதைப் போய் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பதில் உங்கள் பாரம் குறையும், அவருக்குப் புதிதாக ஒன்று ஏறும். பெண்களிடம் போய், உங்களைப் பற்றித் தப்பாக நினைத்தேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லும் தம்பிகள் தயவுசெய்து இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கவும்.

இரண்டாம் படி: வாய்விட்டுச் சொல்வது

'தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான். அவைகளை அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்' என்பது நீதிமொழிகள் 28:13. அறிக்கை, விட்டுவிடுதல் இரண்டும் அதில் உண்டு. அறிக்கை எப்படி என்பது நீங்கள் எந்தச் சபை என்பதைப் பொறுத்தது.

கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம், பெரியவர்கள் வாயில் பாவசங்கீர்த்தனம். பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் தரும் அபராதத்தை நிறைவேற்றுவது என்று ஐந்து. சாவான பாவத்தை, அதாவது கனமான பாவத்தை, வருடத்துக்கு ஒருமுறையாவது அறிக்கையிடத் திருச்சபைச் சட்டம் கடமையாக்குகிறது. கேட்டதைக் குரு எக்காரணம் கொண்டும் வெளியே சொல்லக்கூடாது. பல வருடம் போகாதவர்கள் சொந்தப் பங்குக் கோயிலில் கூச்சப்பட்டால் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா ஆலயம் போன்ற பெரிய திருத்தலத்தில் செய்யலாம். பாரிமுனை அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், கூட்டம் நிற்கவிடாது. உள்ளே போனதும், ஃபாதர், கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து இத்தனை வருடம் ஆச்சு, எப்படிச் செய்றதுன்னு மறந்துபோச்சு என்று சொன்னால் போதும், அவர் நடத்திக்கொண்டு போவார்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயங்களில் திருவிருந்து ஆராதனையிலேயே பொது அறிக்கை இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து வாசிப்பதால் வாய் மட்டும் வாசித்துவிட்டு மனசு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடும். முந்தின ராத்திரி நோட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள், அதே வரிகள் வேறு மாதிரிக் கேட்கும். தனியாகப் பேசவேண்டுமானால் ஆயரிடம் நேரம் கேட்கலாம், கொடுப்பார்கள்.

பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் சாட்சி சொல்லும் பழக்கம் உண்டு. புதிதாக வந்தவர்களுக்கு எங்கள் யோசனை, முதல் ஆறு மாதம் மைக்கைத் தொடாதீர்கள். பழைய பாவம் நல்ல கதையாகிவிட்டால் அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். கைதட்டலுக்குப் பழகின பாவத்தை விடுவது கஷ்டம். அடுத்தவர் பெயரும் அந்தக் கதையில் இருக்கிறது என்பதை மேடையில் யாரும் யோசிப்பதில்லை.

எந்தச் சபையானாலும் ஒன்று. சாபம் உடைக்க, கட்டு அவிழ்க்க இவ்வளவு காணிக்கை என்று தொகை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பூட்டின அறையில் தனியாக ஜெபிக்கவேண்டும் என்றாலும் அப்படியே.

மூன்றாம் படி: திருப்பிக் கொடுப்பது

பிரசங்கத்தில் அதிகம் வராத படி இது. ஆகவே இங்கே கொஞ்சம் நிற்போம்.

எண்ணாகமம் 5:7 கணக்கைத் தெளிவாகச் சொல்கிறது. முதலைத் திருப்பிக் கொடு, அதனோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு. சகேயு நாலு மடங்கு என்றது அவனாக முன்வந்து சொன்னது. குறைந்தபட்ச அளவாக ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம். வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், குடியிருந்தவர் காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயின்ட் செலவு என்று 30,000 பிடித்துக்கொண்டார். உண்மையில் ஆனது 12,000. கடன் 18,000. ஐந்தில் ஒரு பங்கு 3,600. ஆக 21,600. அனுப்பவேண்டிய செய்தி இவ்வளவுதான்:

"வணக்கம் சார். 2022ல நீங்க வீட்டைக் காலி பண்ணப்போ பெயின்ட்டுக்குன்னு 30,000 பிடிச்சேன். ஆனது 12,000 தான். மீதியைப் பொய் சொல்லி வெச்சுக்கிட்டேன். என் தப்பு, மன்னிச்சிடுங்க. அந்த 18,000த்தோட 3,600 சேர்த்து அனுப்பணும். எந்த நம்பருக்கு ஜீபே பண்ணட்டும்?"

'அப்போ எங்க சூழ்நிலை அப்படி' என்று ஒரு வரி சேர்க்கக் கை பரபரக்கும். அதைச் சேர்த்தால் மன்னிப்பு வழக்காடலாக மாறிவிடும். 'உங்க மனசு புண்பட்டிருந்தா' என்பதும் கூடாது. புண்பட்டது அவர் சுபாவத்தால் என்று மறைமுகமாகச் சொல்வது அது. கடைசியில் ஒரு வசனத்தையும் ஞாயிறு ஆராதனை நேரத்தையும் ஒட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்கு ஆள் பிடிப்பதுபோல் ஆகிவிடும். அவராக ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள். இரண்டு நீல டிக் வந்தும் பதில் வராமல் போகலாம், திட்டியும் பதில் வரலாம். மன்னிக்கவேண்டியது அவர் கடமை என்று நினைக்காதீர்கள்.

நோட்டில் 'ப' விழுந்த மற்ற வரிகளுக்கும் இப்படியே வழி உண்டு.

வருமான வரி. இல்லாத வாடகைக்கு ரசீது கொடுத்து எச்.ஆர்.ஏ. என்ற வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு வாங்குவது இந்த ஊர் ஐ.டி. கம்பெனிகளில் பாவக் கணக்கிலேயே சேர்க்கப்படாத பாவம். திருத்த வழி இருக்கிறது. அப்டேட்டட் ரிட்டர்ன் என்ற ஐ.டி.ஆர்-யூ படிவத்தை, சம்பந்தப்பட்ட மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை தாக்கல் செய்யலாம். முதல் 12 மாதத்துக்குள் என்றால் கட்டவேண்டிய வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் 25 சதவீதம் கூடுதல். அடுத்தடுத்த வருடங்களில் அது 50, 60, 70 என ஏறும். மோசே 20தான் கேட்டார், வருமான வரித்துறை கொஞ்சம் கறார். துறை நடவடிக்கை தொடங்கிவிட்டால் இந்த வழி அடைபடும் சந்தர்ப்பங்கள் உண்டு, ஆகவே ஆடிட்டரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வரதட்சணை. வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் 1961ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பெண் வீட்டில் கொடுத்ததை வேறு யார் வாங்கியிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தாலும், மாமனார் போட்ட நகையும் பணமும் எங்கே போயின என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, அவர் பெயரில் டெபாசிட்டாகவோ நகையாகவோ திருப்பி வைப்பது நேரடியான மனந்திரும்புதல். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தள்ளிப்போடுவதில் பயனில்லை. அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா. காய்ச்சலில் வராத நாலு நாள் சம்பளத்தைப் பிடித்தது, தீபாவளி போனஸ் என்று சொல்லி இழுத்தடித்தது, அவருக்கென்று தனி டம்ளர் வைத்தது. பிடித்த பணத்தைக் கையில் கொடுங்கள். தனி டம்ளரைப் பற்றிப் பேச்செல்லாம் வேண்டாம். நாளைக் காலையில் வீட்டில் எல்லோரும் குடிக்கும் டம்ளரில் காப்பியைக் கொடுத்து, உட்காரச் சொல்லிவிடுங்கள்.

லஞ்சம். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். வாங்கிப் பழகின அரசு ஊழியருக்கு எங்கள் யோசனை, இன்றிலிருந்து வாங்குவதை நிறுத்துங்கள், கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள், எழுத்தில் எதையும் கொடுக்குமுன் ஒரு வக்கீலைப் பாருங்கள். விளைவு உண்டு என்று தெரிந்தே செய்யவேண்டிய காரியம் இது. இனிப்பு தடவிச் சொல்ல எங்களால் முடியவில்லை.

ஆள் கிடைக்கவில்லை, இறந்துவிட்டார், வாரிசும் தெரியாது என்றால் எண்ணாகமம் அதற்கும் இடம் வைத்திருக்கிறது. வாங்கிக்கொள்ள ஆளில்லாத பணம் கர்த்தருக்குரியதாக ஆசாரியனிடம் போகும் என்கிறது அடுத்த வசனம். இன்றைக்கு அதை ஏழைகளுக்குப் பெயர் போடாமல் கொடுத்துவிடுவது நல்லது. சபைக் காணிக்கைப் பெட்டியில் போட்டு ரசீதும் அறிவிப்பும் வாங்கிக்கொள்வது அநியாயப் பணத்தில் நல்ல பெயர் வாங்குவதாகிவிடும்.

தொகை பெரிதாக இருந்தால் மாதத் தவணை போடுங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நிறுத்திவிட்டு ஒரே நாளில் கட்டுகிறேன் என்று நிற்பது வீராப்பு.

கற்பு தவறின விஷயம் தனி. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குற்றவுணர்வு தாங்காமல் மனைவியை எழுப்பிச் சொல்லாதீர்கள். முதலில் நம்பகமான போதகரையோ ஆலோசகரையோ பாருங்கள், தொடர்பை முழுசாக வெட்டுங்கள், பால்வினை நோய்ப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனை முடிவு எப்படியிருந்தாலும் அதை அறியும் உரிமை துணைக்கு உண்டு. முடிவு வந்து, பேசி முடிக்கும்வரை தள்ளிப் படுங்கள். பேசும்போது உண்மையை முழுசாகச் சொல்லுங்கள், காட்சிகளை விவரிக்காதீர்கள். தவணை முறையில் வெளிவரும் உண்மைதான் குடும்பங்களை அதிகம் உடைக்கிறது.

நான்காம் படி: எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம்

2 சாமுவேல் 11ஐ எடுத்து, பென்சிலோடு வாசியுங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலம், தாவீது எருசலேமில் இருந்துவிட்டான். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்தான். மொட்டைமாடியில் உலாவினான். ஒரு பெண் குளிப்பதைப் பார்த்தான். யாரென்று விசாரிக்க ஆள் அனுப்பினான். உரியாவின் மனைவி என்று பதில் வந்தது. அப்புறமும் ஆள் அனுப்பி வரவழைத்தான். இறங்கிப் போயிருக்கலாம் என்ற படிக்கட்டு ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கிறது. கடைசிப் படியில் நின்றுகொண்டு ஜெபித்துப் பலன் இல்லை, ஜெபிக்கும் மனசே அப்போது இருக்காது.

உங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப வரும் பாவம் ஒன்றை எடுத்து இதே மாதிரிப் பின்னோக்கி எழுதுங்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஆபாசப் படம். அதற்கு முன் ரீல்ஸ். அதற்கு முன் படுக்கையில் போன். அதற்கு முன் தலைமாட்டில் சார்ஜர். அதற்கு முன் மேனேஜரிடம் வாங்கின திட்டு. அறுக்கவேண்டியது சார்ஜர் இருக்கும் இடத்தில். சார்ஜரை ஹாலில் மாட்டுங்கள், எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள். உன் கை இடறல் உண்டாக்கினால் தறித்துப்போடு என்று இயேசு சொன்னதை இந்த அளவுக்காவது எடுத்துக்கொள்வோம். ஆன்லைன் ரம்மி, பெட்டிங் என்றால் ஆப்பை அழிப்பதோடு யு.பி.ஐ. தினசரி வரம்பை வங்கி ஆப்பில் குறைத்துவிடுங்கள், சம்பளக் கணக்கை மனைவியோ அண்ணனோ பார்க்கும்படி வையுங்கள்.

காலி செய்த இடம் காலியாகவே கிடந்தால், அசுத்த ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வரும் என்பது மத்தேயு 12. எபேசியர் 4:28 இதற்குச் சூத்திரமே தருகிறது. திருடினவன் இனித் திருடாமல், கைகளினால் உழைத்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கட்டும். விடுவது, பிடிப்பது, கொடுப்பது மூன்றும் ஒரே வாக்கியத்தில். டாஸ்மாக்குக்குப் போகும் சாயங்கால ஏழு மணியை எதைக்கொண்டு நிரப்பப்போகிறீர்கள் என்று எழுதி வைக்காதவர் ஏழரைக்கு அங்கே நிற்பார்.

உபவாசம் இதற்கெல்லாம் உதவும், ஆனால் அதுவே முழு மருந்தல்ல. லெந்து நாட்களில் நாற்பது நாள் கறி, மது எல்லாம் விட்டுவிட்டு ஈஸ்டர் மத்தியானமே வட்டியும் முதலுமாய்த் தொடங்குகிறவர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம்.

குடிக்கு ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை தொடங்கும். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, புத்தித் தடுமாற்றம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. அதைப் பேய் என்று நினைத்து ஜெபக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது நடக்கிறது. 108க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஜெபத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம். நிறுத்துமுன்பே மருத்துவரைப் பார்ப்பது உத்தமம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் சிகிச்சை உண்டு, போதை மீட்பு உதவி எண் 14446.

கூட ஒரு ஆள்

'உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு' என்கிறது யாக்கோபு 5:16. அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்: ஒரே பாலினம், கொஞ்சம் மூத்தவர், சொந்தக்காரர் அல்லாதவர், உங்களுக்குக் கீழோ மேலோ வேலை பார்க்காதவர், வாய் கெட்டியானவர். கடைசித் தகுதியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அவர் உங்களிடம் அடுத்தவர் ரகசியத்தை, ஜெபிச்சுக்கோங்க பிரதர் என்று சொல்லியிருக்கிறாரா? அப்படியானால் உங்களுடையதும் இதே முன்னுரையோடு போகும். கோள் சொல்வதற்கு நம் சபைகளில் ஜெபக்குறிப்பு என்று இன்னொரு பெயர் உண்டு.

வாரம் ஒருமுறை, இருபது நிமிடம், டீக்கடையில் நின்றபடி போதும். அவர் உங்களிடம் கேட்கவேண்டியது நாலு கேள்வி: விழுந்தாயா, எங்கே திரும்பியிருக்கலாம், யாருக்குக் கொடுக்கவேண்டியது பாக்கி, எதை என்னிடம் சொல்லாமல் விட்டாய். நாலாவது கேள்விதான் முக்கியம். வாட்ஸ்அப்பில் பாவ அறிக்கை அனுப்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டுக்கு மன்னிப்பு கிடையாது.

நோட்டில் வராமலே போகும் ஒன்று

'எந்த ஊரு?' சென்னையில் புதிதாகச் சபைக்கு வந்தவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. திருநெல்வேலி என்றால், திருநெல்வேலியில எங்கே? ஊர் சொன்னால், எந்தத் தெரு, ஊர்ல எந்தக் கோயில்? ஜாதி என்ற சொல் வாயில் வராமலே ஜாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு குரலில் ஏறுவதோ இறங்குவதோ கேட்டவருக்குத் தெரியாது, பதில் சொன்னவருக்குத் தெரியும். கல்யாணப் பேச்சில் 'நல்ல ஜெபிக்கிற பொண்ணா, நம்ம ஆளுகளா இருந்தா போதும்' என்பது ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகிறது.

கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28ஐ மனப்பாடமாகச் சொல்பவர்கள் இதைப் பாவமாக எழுதுவதில்லை, கலாசாரம் என்பார்கள். மனந்திரும்ப நினைத்தால் செய்யவேண்டியவை சின்னவைதான். இரண்டாவது கேள்வியைக் கேட்காதீர்கள். வரன் விளம்பரத்தில் ஜாதி கேட்கும் வரியை எடுங்கள். அழைத்தால் போகாத வீடு ஒன்று இருக்கும், போய்ச் சாப்பிட்டு வாருங்கள். கிறிஸ்தவத்துக்கு மாறினால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும் என்ற 1950ஆம் வருட ஆணையால் சான்றிதழில் ஒன்றும் சபையில் ஒன்றுமாக வாழ நேர்ந்தவர்களுக்கு உண்மை பேசுவதைப் பற்றி வகுப்பெடுக்க, அந்த ஆணையால் ஒன்றும் இழக்காதவர்கள் போகவேண்டாம்.

இந்து வீட்டிலிருந்து தனியாக வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவின் வீட்டுப் பூஜை அறை உங்களுடையதல்ல, அதில் கை வைக்காதீர்கள். அம்மாவிடம் முன்னைவிடக் குரல் தாழ்ந்திருக்கிறதா, வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது கூடியிருக்கிறதா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள்.

மனந்திரும்புதல் என்ற பெயரில் நடக்கக்கூடாதவை

அடித்த கணவன் சபையில் அழுதான் என்பதற்காக மனைவியை உடனே திருப்பி அனுப்பக்கூடாது. மன்னிப்பது வேறு, அதே வீட்டுக்குப் போய்ப் படுப்பது வேறு. பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் ஒருவர் அறிக்கையில் வெளிவந்தால் சபைக்குள் பேசித் தீர்க்கச் சட்டத்தில் இடமில்லை. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098.

இன்னொரு பக்கமும் உண்டு. அறிக்கை செய்த பாவத்தையே நாளுக்குப் பத்துத் தடவை அறிக்கை செய்வது, கெட்ட எண்ணம் ஒன்று வந்ததற்காக மணிக்கணக்கில் ஜெபித்தும் நிம்மதி இல்லாமல் திரும்பத் தொடங்குவது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கின மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து தன் துறவறத் தலைவர் ஸ்டௌபிட்ஸை அலுக்க வைத்தார். சிலருக்கு இது ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய். பக்தி குறைவோ கூடுதலோ இதற்குக் காரணமில்லை, மனநல மருத்துவர் உதவமுடியும்.

விழுந்தால்

விழுவீர்கள். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்றுதான் நீதிமொழிகளும் சொல்கிறது. விழுந்த 24 மணி நேரத்துக்குள் உங்கள் ஆளிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் போவதைத் தவிர்க்காதீர்கள். தகுதியில்லை என்று வீட்டில் உட்காருவதுதான் இரண்டாவது வீழ்ச்சி, பெரும்பாலும் முதலாவதைவிட நீளமானது.

இவ்வளவு தூரம் பணத்தையும் கணக்கையும் பேசிவிட்டு, இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீஷன் யூதாஸைச் சொல்லாமல் விடமுடியாது. மத்தேயு 27இல் அவன் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டும் சொன்னான். நோட்டில் போட்ட 'ஆ', 'ப' இரண்டும் சரி. ஆனால் அவன் போன இடம் பிரதான ஆசாரியர்கள். எங்களுக்கென்ன, அது உன் பாடு என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் தனியாகப் போய் நான்றுகொண்டு செத்தான். காட்டிக்கொடுத்த அதே ராத்திரி இயேசுவை மூன்று தடவை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். அவனிடம் திருப்பிக் கொடுக்கக் காசுகூட இல்லை. ஆனால் மற்ற சீஷர்களோடேயே இருந்தான். அதனால் திபேரியா கடற்கரையில் கரிநெருப்பில் மீன் சுட்டுக்கொண்டிருந்த, உயிர்த்தெழுந்த இயேசு கூப்பிட்டபோது, தண்ணீரில் குதித்துப் போக அவன் படகில் இருந்தான்.

நோட்டு என்ன ஆகும் என்று கேட்பார்கள். 'க' போட்ட பக்கங்களை அறிக்கை முடிந்ததும் கிழித்துவிடலாம். 'ப' போட்ட பக்கத்தைக் கடைசித் தவணை கட்டும்வரை வைத்திருங்கள், பணம் அனுப்பின ரசீதையும் அதிலேயே ஒட்டிவையுங்கள்.